கௌபாய் கதையில பொண்ணுக்கு துப்பாக்கிய குடுக்கறதுக்கு முன்னாடி பட்டாவ குடுங்க

சிவகாசியில இருந்து வந்த காமிக்ஸ் படிச்சுத்தான் எனக்கு வெஸ்டர்ன் பைத்தியம் புடிச்சது, உங்கள்ல பாதி பேருக்கும் அப்டித்தான் இருக்கும். நாலு வருஷம் முன்னாடி நானே ஒரு கௌபாய் தொடர்கதை எழுத ஆரம்பிச்சேன். புதுசா பண்றேன்னு நெனச்சு ஹீரோவ தூக்கிட்டு ஹீரோயின போட்டேன். பேண்ட், தொப்பி, இடுப்புல ரெண்டு ரிவால்வர், முதல் அத்தியாயத்துலயே மூணு பேர சுட்டுத் தள்ளிட்டா. ஏழு அத்தியாயம் போனதுக்கப்புறம் எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, நல்லா வேகமாத்தான் போகுது, ஆனா இவ பேர அழிச்சிட்டு ஒரு ஆம்பள பேர போட்டா கதையில வேற எதையாவது மாத்தணுமா?" நானும் சும்மா டெஸ்ட் பண்ணி பாத்தேன். பேர மாத்தினேன், "ஆள்" விகுதிய எல்லாம் "ஆன்"னு ஆக்கினேன், அவ்ளோதான், கதை ஒரு சொட்டு கூட அசையல.

அன்னிக்கு ஆரம்பிச்சு நான் படிச்சது, எழுதி அழிச்சது எல்லாத்தையும் வெச்சு இத எழுதறேன். அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்துல நடக்கற கதைய தமிழ்ல எழுதணும், அதுல ஆம்பள வேலை பொம்பள வேலைங்கற கோட்ட அழிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு இது. நடுவுல புரியறதுக்காக ஒரு கற்பனை கேரக்டர வளத்துக்கிட்டே போவோம், பேரு ஹன்னா.

முதல் படி: வருஷத்தையும் இடத்தையும் பென்சில்ல இல்ல, பேனாவுல எழுதுங்க

"வெஸ்ட்"னு ஒரே ஒரு இடம் கெடையாது. பொண்ணு என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாதுங்கறது பக்கத்து டெரிட்டரிக்கு, அதாவது இன்னும் மாநிலமா ஆகாத பகுதிக்கு போனாலே மாறிடும். வயோமிங் டெரிட்டரியில 1869 டிசம்பர்லயே பொண்ணுங்களுக்கு ஓட்டு குடுத்துட்டாங்க, 1870ல சவுத் பாஸ் சிட்டிங்கற தங்கச்சுரங்க ஊர்ல எஸ்தர் ஹோபார்ட் மாரிஸ்ங்கற அம்மா ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், அதாவது ஊர் மாஜிஸ்திரேட்டாவே உக்காந்தாங்க. பக்கத்துலயே இருக்கற டகோட்டா டெரிட்டரியில 1885ல சட்டசபை அதே மாதிரி மசோதாவ பாஸ் பண்ணுது, கவர்னர் பியர்ஸ் வீட்டோ போட்டு தூக்கி கடாசிட்டாரு. கலிபோர்னியா இன்னொரு கதை, அங்க மெக்சிகோ காலத்து ஸ்பானிஷ் சட்டத்தோட வாசனை இருந்ததால 1849 அரசியலமைப்புலயே கல்யாணம் ஆன பொண்ணோட தனிச்சொத்து அவளோடதுதான்னு எழுதி வெச்சாங்க. பல கிழக்கு மாநிலத்துல அப்போ அந்த நெலம முழுசா வரல.

"1800கள்ல எங்கியோ பாலைவனத்துல"ன்னு ஆரம்பிச்சா உங்க ஹீரோயின் எந்த வேலிய தாண்டறான்னு உங்களுக்கே தெரியாது. நம்ம ஹன்னாவுக்கு 26 வயசு, நார்வேல இருந்து சின்ன வயசுல வந்தவ, இடம் டகோட்டா டெரிட்டரி, வருஷம் 1884. மரமே இல்லாத புல்வெளி. பாலைவனமும் இல்ல, சலூன்னு சொல்ற சாராயக்கடையும் இல்ல.

ரெண்டாவது படி: பட்டா யார் பேர்ல இருக்குன்னு கண்டுபுடிங்க

இந்த வழிகாட்டியில நீங்க ஒரே ஒரு படிய மட்டும் எடுத்துக்கறதா இருந்தா இத எடுத்துக்கோங்க. 1862 ஹோம்ஸ்டெட் சட்டம்னு ஒண்ணு. 21 வயசு ஆனவங்க, இல்ல குடும்பத்தலைவரா இருக்கறவங்க, குடிமக்களா இருந்தாலோ ஆகப்போறேன்னு எழுதிக்குடுத்திருந்தாலோ 160 ஏக்கர் அரசாங்க நெலத்த கேட்டு வாங்கலாம். அஞ்சு வருஷம் அதுலயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டணும், ஃபீஸ் எல்லாம் சேர்த்து 18 டாலர் கிட்ட. இதுல சட்டம் ஆம்பளன்னு சொல்லவே இல்ல. தனியா இருக்கற பொண்ணு, விதவை, டைவர்ஸ் ஆனவ, புருஷன் விட்டுட்டு ஓடிப்போனதால குடும்பத்தலைவியா ஆனவ, இவங்க எல்லாரும் போய் கையெழுத்து போடலாம். புருஷனோட சேர்ந்து இருக்கற பொண்டாட்டி மட்டும் போட முடியாது, ஏன்னா சட்டத்தோட கண்ணுல அந்த வீட்டுக்கு தலைவர் அவரு.

கவனிச்சீங்களா, இதுக்குள்ளயே ஒரு நாவல் கெடக்கு. கல்யாணம் ஆகாத ஒரே காரணத்தால ஒரு பொண்ணு 160 ஏக்கருக்கு சொந்தக்காரி ஆகலாம். ஊர்ல எல்லாரும் "பாவம், இன்னும் அமையல"ன்னு பரிதாபப்படற அதே விஷயந்தான் அவளோட தகுதி.

அப்புறம் அஞ்சு வருஷம் முடிஞ்சு ஃபைனல் ப்ரூஃப்னு ஒண்ணு இருக்கு. பேப்பர்ல நோட்டீஸ் போடணும், ரெண்டு அக்கம்பக்கத்துக்காரங்க லேண்ட் ஆபீஸ்ல வந்து "ஆமா, இவ இங்கதான் இருந்தா, பயிர் வெச்சா"ன்னு சாட்சி சொல்லணும். எத்தன நாள் வெளிய போயிருந்த, ஏன் போனன்னு கேள்வி வரும். ஆறு மாசத்துக்கு மேல விட்டுட்டு போயிருந்தா வேற ஒருத்தன் வந்து இது கைவிட்ட நெலம்னு கேஸ் போடலாம். கைக்காசுக்கு ஹன்னா பக்கத்து கவுண்டியில, அதாவது பக்கத்து மாவட்டத்துல போய் ஸ்கூல் டீச்சரா வேலை பாக்கறான்னு வைங்க, அந்த டெர்ம் எத்தன மாசம்னு எண்ணிக்கிட்டே இருக்கணும் அவ. சாட்சி சொல்ல வேண்டிய ரெண்டு பேர்ல ஒருத்தன் போன வருஷம் இவகிட்ட கல்யாணம் பேசி இவ முடியாதுன்னு சொன்னவன். ஒத்தைக்கு ஒத்தை துப்பாக்கி சண்டை சீனெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்குமா சொல்லுங்க.

மூணாவது படி: காதல நெலப்பிரச்சனையா எழுதுங்க

பொதுவா நம்ம ஆளுங்க "புரட்சி" ஹீரோயின்னா காதலே வேணாம்னு வெட்டி விட்டுடறோம், இல்லன்னா கடைசி அத்தியாயத்துல ஷெரீஃப் வந்து கட்டிப்புடிச்சு எல்லாத்தையும் சரி பண்ணிடறாரு. ரெண்டும் சோம்பேறித்தனம். நெஜத்துல நடந்தது இதவிட சிக்கலானது. எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட்னு ஒரு அம்மா, கைக்குழந்தை மாதிரி ஒரு சின்ன பொண்ண வெச்சுக்கிட்டு டென்வர்ல துணி துவைச்சு பொழச்சவங்க, 1909ல வயோமிங்ல பர்ன்ட் ஃபோர்க்ங்கற இடத்துல ஒரு பண்ணையில வீட்டு வேலைக்கு போறாங்க. போன கொஞ்ச நாள்லயே பக்கத்துல தன் பேர்ல நெலத்துக்கு மனு போடறாங்க. அடுத்த ஒரு வாரத்துக்குள்ள அந்த பண்ணைக்காரரையே கல்யாணமும் பண்ணிக்கறாங்க. அங்கதான் சட்டம் கால வாருது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரெண்டு தனித்தனி வீட்ல இருக்கறதா கணக்கு காட்ட முடியாது, குடியிருப்பு ஒண்ணுதான். பொண்ணுங்க தனியா நெலம் எடுத்து பொழைக்கலாம்னு தெம்பா லெட்டர் எழுதி அது பின்னாடி பத்திரிகையில எல்லாம் வந்து பேர் வாங்கின அம்மா, 1912ல அந்த மனுவ விட்டுக்குடுத்து மாமியார் பேருக்கு போற மாதிரி பண்ண வேண்டியதாச்சு. மாமியார் பேருக்கு! நாம இத கற்பனையா எழுதியிருந்தா சீரியல் மாதிரி இருக்குன்னு சொல்லியிருப்பாங்க.

அதனால ஹன்னாவுக்கும் ஒருத்தன புடிக்கட்டும், நல்லவனாவே இருக்கட்டும், அவனுக்கும் பக்கத்துல 160 ஏக்கர் மனு இருக்கட்டும். யார் வீட்ல குடியிருக்கறதுங்கற கேள்விய ரெண்டு பேரும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேசற மாதிரி ஒரு சீன் எழுதுங்க. யாரும் கத்த வேண்டாம்.

நாலாவது படி: உடம்பு வலிக்கற வேலைய எழுதுங்க

வேலைய எழுதும்போதுதான் ரோல் உடையறது கண்ணுக்கு தெரியும். பொண்ணு குதிரை ஓட்றதுல ஒரு ஆச்சரியமும் இல்லங்க, ஓட்டலன்னா சாப்பாடே இல்ல. ஹன்னாவோட வீடு மண் வீடு, புல் வேரோட புல்வெளிய பட்டை பட்டையா வெட்டி செங்கல் மாதிரி அடுக்கி கட்டினது. மழை பெஞ்சா கூரை ஒழுகும், நின்னதுக்கப்புறமும் ஒழுகும். விறகு கெடையாது, புல்ல முறுக்கி முடிச்சு போட்டு அடுப்புல சொருகணும். இதுக்கு முந்தின தலைமுறையில வேகன்ல 2000 மைல் போனவங்க வழியில காஞ்சு கெடந்த காட்டெருமை சாணிய பாவாடையில பொறுக்கி எரிச்சிருக்காங்க. நம்ம வறட்டிதான், ஆனா தட்ட வேண்டாம். கிழக்குல கௌரவமா வளந்த பொண்ணு மொதல்ல ரெண்டு விரல்ல தூக்குவா, ஒரு மாசம் கழிச்சு அதே கையில மாவு பிசைவா. ஒரு பக்கம் வசனத்த மிச்சம் பண்ணிடலாம் இந்த ஒரு விஷயத்துல.

காசு எங்க இருந்து வருதுன்னும் எழுதுங்க. கோதுமை ஆம்பள பயிர், வருஷத்துக்கு ஒரு தடவ வரும், வெட்டுக்கிளி வந்தா அதுவும் வராது. வெண்ணெயும் முட்டையும் வித்த காசு வாரா வாரம் பொண்ணு கையில வரும், பல வீட்ல மளிகை கடன அடைச்சது அந்த காசுதான். இத எழுதினா "குடும்பத்த காப்பாத்தற ஆம்பள"ங்கற பிம்பம் தானா ஆட்டம் காணும், நீங்க ஒரு வார்த்தை கூட பிரசங்கம் பண்ண வேண்டியதில்ல.

வேலைன்னு வரும்போது மேரி ஃபீல்ட்ஸ ஞாபகம் வெச்சுக்கோங்க. டென்னசியில அடிமையா பொறந்தவங்க. மாண்டனாவுல கேஸ்கேட்ங்கற ஊர்ல 1895ல, அறுபது வயசுக்கு மேல, தபால் வண்டி ஓட்ற ஒப்பந்தத்த எடுத்து 1903 வரைக்கும் ஓட்டினாங்க. அதுக்கு முன்னாடி கன்னியாஸ்திரிங்க மிஷன்ல கல்லு தூக்கறது, சாமான் ஏத்தறதுன்னு வேலை பாத்தவங்கள, சண்டை போடறாங்கன்னு பிஷப் வெளிய அனுப்பினாரு. வெஸ்டர்ன் ஹீரோயின்னா 22 வயசு, வெள்ளத்தோல், காத்துல பறக்கற முடின்னு யாரு ரூல் போட்டது?

அஞ்சாவது படி: பேண்ட் போட வெச்சா அதுக்கு வெலையும் போடுங்க

சான் பிரான்சிஸ்கோவுல 1863ல இருந்து, தன் பாலினத்துக்கு உரியது இல்லாத உடையில வெளிய வந்தா குற்றம். ஜான் (Jeanne) பானேன்னு ஒரு பொண்ணு, பிரெஞ்சு குடும்பம், ஹோட்டல்களுக்கு தவளை புடிச்சு விக்கறது தொழில், சேத்துல எறங்கறதுக்கு பாவாடை எதுக்குன்னு ஆம்பள துணி போட்டாங்க, திரும்பத் திரும்ப அரெஸ்ட் ஆனாங்க, 1876ல சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அதுக்கு முன்னாடி 1858ல ஜூலியா ஆர்ச்சிபால்ட் ஹோம்ஸ் முழங்கால் வரைக்கும் கவுனும் உள்ள பேண்டுமா போட்டுக்கிட்டு பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே ஏறினாங்க, 14,000 அடிக்கு மேல. ஆனா அந்த வேகன் கூட்டத்துல ராத்திரி காவலுக்கு நானும் முறை எடுத்துக்கறேன்னு கேட்டப்போ மாட்டேன்னுட்டாங்க, பொண்ண காவலுக்கு நிக்க வெச்சா ஆம்பளைங்களுக்கு அவமானமாம். மலை ஏறலாம், காவலுக்கு நிக்கக்கூடாது. எனக்கு உச்சியில நிக்கற சீன விட அந்த மறுப்பு சீன்தான் புடிக்கும்.

ஆறாவது படி: ஆம்பளைங்களயும் விடாதீங்க

ரோல்ன்னா பொண்ணுக்கு மட்டுந்தான்னு யாரு சொன்னா. 1850 கலிபோர்னியாவுல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல ஆம்பளைங்க. அப்போ யாரு சமைச்சா, யாரு பொத்தான் தெச்சா? தங்கம் தேடிப்போன வக்கீலும் டாக்டரும் பீன்ஸ் வேக வெச்சிட்டு அம்மாவுக்கு லெட்டர் போட்டுட்டு இருந்தாங்க. சனிக்கிழமை ராத்திரி டான்ஸ் வேணும், பொண்ணுங்க இல்ல, அதனால கையில ஒரு கர்ச்சீப் கட்டினவரு அன்னிக்கு "லேடி", அவர மத்தவங்க மரியாதையா ஆட கூப்பிடணும். தாடி வெச்ச சுரங்கத் தொழிலாளிங்க இப்டி ஆடினத யாராவது படத்துல பாத்திருக்கீங்களா.

மாட்டு மந்தைய ஓட்டிட்டு போற கூட்டத்துல சமையல்காரர் இன்னொரு நல்ல கேரக்டர். 1866ல சார்லஸ் குட்நைட் சமையலுக்குன்னே ஒரு வண்டிய வடிவமைச்சதுல இருந்து அந்த வண்டிதான் முகாமோட நடு, சாதா கௌபாயவிட சமையல்காரருக்கு சம்பளம் ஜாஸ்தி, அவர் அடுப்பு பக்கத்துல குதிரைய கொண்டு வந்து தூசி கெளப்பினா திட்டு விழும், தையல் போடறதும் காயத்துக்கு மருந்து வெக்கறதும் கூட அவர்தான். வீட்ல பொண்டாட்டி செஞ்சா கண்ணுக்கே தெரியாத அத்தன வேலையும் சம்பளத்தோட ஒரு ஆம்பள செஞ்சா அதிகாரமா மாறிடுது. இன்னொரு பக்கம் சீனத்து ஆம்பளைங்க, சுரங்கத்துல வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனி வரி போட்டு நெருக்கி துணி துவைக்கற பக்கம் தள்ளினதுக்கப்புறம், "பொம்பள வேலை செய்றானுங்க"ன்னு அதே ஊரு கிண்டல் பண்ணுச்சு.

ஏழாவது படி: அந்த நெலம் யாரோடதுன்னு கேளுங்க

இந்த படிய நான் ரொம்ப நாள் தாண்டிக்குதிச்சு போயிருக்கேன், ஏன்னா இது நம்ம ஹீரோயின அழுக்காக்கும். ஹன்னாவுக்கு கெடச்ச 160 ஏக்கர் வானத்துல இருந்து விழல. அதே டகோட்டாவுல மிசூரி ஆத்தோரம் ஹிடாட்சாங்கற பூர்வகுடி மக்கள் இருந்தாங்க, அவங்கள்ல சோளம், பீன்ஸ், பூசணி, சூரியகாந்தி போட்ட வயல் பொண்ணுங்களோடது, மண் வீடும் பொண்ணுங்களோடது. புல்வெளியில சுத்தின பல மக்கள்ல கூடாரம் பொண்டாட்டி சொத்து, புருஷன் சரியில்லன்னா கூடாரத்துல இருந்து வெளிய போறது அவருதான். அப்போ "பாரம்பரிய பாலினப் பங்கு"ன்னு நாம சொல்றமே, யாரோட பாரம்பரியம் அது?

1887ல டாவ்ஸ் சட்டம்னு ஒண்ணு வந்து பூர்வகுடிகளோட பொது நெலத்த துண்டு போட்டாங்க, குடும்பத்தலைவருக்கு 160 ஏக்கர், தனி ஆளுக்கு 80, கல்யாணம் ஆன பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல, 1891ல திருத்தினாங்க. அதாவது ஹன்னா தன் பேர்ல பட்டா வாங்க காத்துட்டு இருக்கற அதே வருஷங்கள்ல, சில மைல் தள்ளி இன்னொரு பொண்ணு தன் வயல புருஷன் பேர்ல எழுதறத பாத்துட்டு நிக்கறா. இவங்க ரெண்டு பேரையும் ஒரு தடவையாவது சந்திக்க வைங்க, விதை வாங்கறதுக்கோ எதுக்கோ. ஆனா தயவு செஞ்சு அவங்கள ஹன்னாவுக்கு ஞானம் சொல்ற பாட்டியா மட்டும் ஆக்கிடாதீங்க. போர் சீன் வேணும்னா 1876 ஜூன் 17 அமெரிக்க ராணுவத்தோட நடந்த ரோஸ்பட் சண்டையில பஃபலோ காஃப் ரோட் உமன்ங்கற செயென் பூர்வகுடிப் பொண்ணு குதிரைய நடுவுல ஓட்டிட்டு போய் குதிரை இழந்து நின்ன தன் அண்ணன தூக்கிட்டு வந்தாங்க. அமெரிக்க சரித்திரத்துல அது ரோஸ்பட் சண்டை, செயென் மக்களுக்கு அது தங்கச்சி அண்ணன காப்பாத்தின சண்டை.

எட்டாவது படி: ஊர் வாய வில்லனா போடுங்க

எல்லன் வாட்சன். வயோமிங், ஸ்வீட்வாட்டர் ஆத்துப் பக்கம். தன் பேர்ல நெலத்துக்கு மனு போட்டாங்க, கொஞ்சம் மாடு வாங்கினாங்க, அந்த புல்வெளிய தங்களோடதா நெனச்சு மேய்ச்சுக்கிட்டு இருந்த பெரிய பண்ணைக்காரங்களுக்கு இது உறுத்துச்சு. 1889 ஜூலை 20ல ஆறு பேர் வந்து அவங்களயும் பக்கத்து நெலத்துக்காரர் ஜிம் அவெரிலயும் தூக்கில போட்டுட்டாங்க. யாருக்கும் தண்டனை கெடைக்கல. அடுத்ததா நடந்ததுதான் எழுத்தாளருக்கு முக்கியம். செயென் நகரத்து பேப்பருங்க அவங்கள மாடு திருடி, விபசாரி, "கேட்டில் கேட்" (மாட்டுக்காரி கேட்)னு எழுதித் தள்ளினாங்க, அந்த பட்டப்பேரே அவங்க செத்ததுக்கு அப்புறம் ஒட்டினது, ரொம்ப காலத்துக்கு அதுதான் சரித்திரமாவும் இருந்துச்சு.

அப்போ உங்க கதையில கெட்டவன் கையில துப்பாக்கி இருந்தா மட்டும் போதாது, ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸும் இருக்கணும். ஹன்னா பத்தி ஊர் பேப்பர்ல வர்ற நாலு வரி செய்திய நீங்களே எழுதி அத்தியாய ஆரம்பத்துல போடுங்க, அவ உண்மையில என்ன செஞ்சாங்கறது அதுக்கு கீழ வரட்டும்.

இதெல்லாம் இப்போ புதுசா திணிக்கறதுன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு. 1860ல வந்த முதல் டைம் நாவல், அதாவது பத்து சென்ட் நாவல், ஆன் ஸ்டீபன்ஸ்ங்கற பொண்ணு எழுதினதுன்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு எழுதிட்டு இருங்க. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல சக்கப்போடு போட்ட கௌபாய் எழுத்தாளர் பி.எம். பவர் கூட பெர்த்தாங்கற பொண்ணுதான், இனிஷியல் மட்டும் போட்டதால ஆம்பளன்னு நெனச்சு படிச்சவங்க நெறைய.

ஒன்பதாவது படி: அவன், அவள், அவர்

இது இங்கிலீஷ்ல எழுதறவங்களுக்கு இல்லாத தலைவலி, அதே சமயம் நமக்கு மட்டும் கெடச்ச லாட்டரி. என் பழைய கதைய எடுத்து பாத்தேன், ஷெரீஃப் "வந்தார்", ஹீரோ "வந்தான்", சலூன்காரி "வந்தாள்", சீன சமையல்காரர் "வந்தான்". யாருக்கு "ஆர்" போட்டேன்னு எண்ணினாலே நான் யாருக்கு மரியாதை குடுத்தேன்னு தெரிஞ்சுது. உக்காந்து உங்க கதையில எண்ணிப் பாருங்க, கொஞ்சம் வெக்கமா இருக்கும்.

லாட்டரி என்னன்னா, "ஆர்" விகுதி ஆணா பெண்ணான்னு காட்டாது. கலிபோர்னியாவுல சார்லி பார்க்ஹர்ஸ்ட்னு ஒரு ஸ்டேஜ்கோச் ஓட்டுநர், குதிரை ஒதைச்சு ஒரு கண்ணு போனவர், மலைப்பாதையில ஆறு குதிரை வண்டிய ஓட்றதுல கில்லாடி, வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்திருக்கு. 1879ல இறந்ததுக்கு அப்புறம் உடம்ப கழுவும்போதுதான் பொண்ணா பொறந்தவர்னு ஊருக்கு தெரிஞ்சுது. சார்லி தன்ன என்னவா நெனச்சாருன்னு எழுதி வெக்கல. தமிழ்ல "வண்டிக்காரர் கடிவாளத்த இழுத்தார், புகையிலைய துப்பினார்"னு முந்நூறு பக்கம் பொய் சொல்லாம எழுதலாம். படிக்கறவங்களே ஆம்பளன்னு முடிவு பண்ணிப்பாங்க. கடைசியில உண்மை தெரியும்போதும் விகுதிய மாத்தாதீங்க, "ஆர்"லயே விடுங்க. அங்க "ஆள்"னு மாத்தினீங்கன்னா அந்த ஊர்க்காரங்க பொணத்துக்கு செஞ்சத நீங்களும் செஞ்ச மாதிரி ஆயிடும். "நான்"னு தன்மையில எழுதினா இன்னும் வசதி, "ஓட்டினேன்"ல எந்த அடையாளமும் இல்ல.

பேச்சு வழக்குலயும் இத பண்ணலாம். ஹன்னாகிட்ட கூலிக்கு வர்ற ஆளு மொத வருஷம் "ஏம்மா, உன் அண்ணன் எங்க, கூலி பேசணும்"னு கேக்கட்டும். மூணாவது வருஷம் "நீங்க சொல்லுங்க, எந்த பக்கம் உழணும்"னு வரட்டும். நடுவுல ஒண்ணும் விளக்க வேண்டாம்.

கடைசி படி: பேர மாத்தி பாருங்க

அந்த அக்கா சொன்ன டெஸ்ட்தான். எழுதி முடிச்சதும் ஹன்னாவ ஹான்ஸ்னு மாத்தி ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. எந்தெந்த சீன் ஒடையுதோ, அதாவது ஹான்ஸ்னா இந்த கேள்வியே வந்திருக்காதுன்னு தோணுதோ, அதுக்கெல்லாம் ஒரு டிக். டிக் விழாத அத்தியாயத்த திரும்ப எழுதணும், இல்ல தூக்கணும். நான் என் கதையில 23 அத்தியாயத்துல 14 தூக்கினேன், அழுகையா வந்துச்சு.

ரிவால்வர தூக்கல. அது இப்போ மாவு டப்பாக்குள்ள கெடக்கு, ஹன்னா அத ஒரே ஒரு தடவ வெளிய எடுக்கறா, கூரையில இருந்து விழுந்த பாம்ப சுடறதுக்கு. குறி தப்பிடுது, அப்புறம் மம்பட்டியாலதான் அடிக்கறா.